மூன்று நாள் தொட்டிக்கு மீன் இல்லை

சனிக்கிழமை மாலை. தெம்பனிஸ் எம்ஆர்டி நிலையத்துக்கு வெளியே ஒரு ஸ்டைரோஃபோம் பெட்டியுடன் காத்திருந்தேன். பெட்டிக்குள் நான்கு பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கோமாளி மீன் குஞ்சு. ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்டு, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக இருந்தது.

வாங்க வந்த இளைஞர் பணம் அனுப்பக் கைப்பேசியை எடுத்தார்.

“கொஞ்சம் பொறுங்க தம்பி. மெசேஜ்ல கேட்டேன், நீங்க பதில் சொல்லல. தொட்டியில தண்ணி ஊத்தி எத்தனை நாளாச்சு?”

“மூணு நாள்ண்ணே.”

நான் பெட்டியை மூடிவிட்டேன்.

விற்க வந்தவனே வாங்குபவரைத் திருப்பி அனுப்புவதா என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே ஒரு குடும்பத்துக்கு ஆறு குஞ்சுகளைக் கொடுத்தேன். முந்தைய நாள்தான் அவர்கள் தொட்டியில் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். நான்கே நாளில் ஆறும் இறந்துபோயின. 60 வெள்ளியை அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன். ஆனால், அந்த வீட்டுச் சிறுமி ஆறு மீன்களுக்கும் பெயர் வைத்திருந்தாள் என்று அவளுடைய அம்மா சொன்னது இன்றும் உறுத்துகிறது.

புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா இருக்காது. அது பெருகிச் சமநிலை அடைய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பார்வைக்குக் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் அந்தத் தண்ணீரே மீனுக்கு நஞ்சு.

பட்டை தெரியும் நாள்

எங்கள் வீவக வீட்டின் சமையலறை ஓரத்தில்தான் என் தொட்டிகள் இருக்கின்றன. 2003ல் வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்துக்குப் பிறகு கோமாளி மீனைத் தெரியாத பிள்ளைகள் இல்லை. நன்கு இணைந்த ஒரு சோடி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில நூறு முட்டைகள் இடும். பெரும்பாலும் அப்பா மீன்தான் துடுப்பால் விசிறி அவற்றைக் காக்கும். ஒரு வாரத்துக்குப் பிறகு, விளக்கு அணைந்த இருட்டில் குஞ்சுகள் வெளிவரும்.

சிரமம் அங்கேதான் தொடங்குகிறது. குஞ்சின் வாய் மிகச் சிறியது. கடையில் விற்கும் தீனி அதற்குள் நுழையாது. ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய உயிரினத்தைத் தனியே வளர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த ரோட்டிஃபருக்குத் தீனியாகப் பாசிநீர் வேண்டும். சுமார் ஒரு வாரம் கழித்து, அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியாவைக் கொடுக்கத் தொடங்கலாம். பத்துப் பன்னிரண்டு நாளில் வெள்ளைப் பட்டை மெல்லத் தெரியும். என் முதல் மூன்று முயற்சிகளில் ஒரு குஞ்சுகூட அந்த நாளைப் பார்க்கவில்லை.

கை பழகிய பிறகு வேறு சிக்கல் வந்தது. மூன்று, நான்கு மாதத்தில் நூறு மீன்கள் வளர்ந்து நின்றால் வீட்டில் எங்கே வைப்பது? “கடலில் விட்டுவிடேன்” என்று சொல்பவர்கள் உண்டு. இங்கே அனுமதியின்றி அப்படி விடுவது குற்றம். தொட்டியில் வரும் நோய் கடல் மீன்களுக்குப் பரவும் ஆபத்தும் உள்ளது. ஆகவே, ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு வீடு தேடியாக வேண்டும்.

மீனுக்குப் பவளம்

மின்கட்டணம், தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர், செயற்கைக் கடலுப்பு, வடிகட்டிய நீர் என்று கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் எங்களிடையே பண்டமாற்றுதான் அதிகம். நான்கு குஞ்சுக்கு ஒரு பவளத் துண்டு கிடைக்கும். என் ரோட்டிஃபர் மொத்தமும் ஒரே இரவில் செத்துப்போனபோது, ஈசூனில் இருக்கும் ஓர் அக்கா ஒரு போத்தல் ரோட்டிஃபர் கொடுத்துக் காப்பாற்றினார். அடுத்த முறை பொரித்த குஞ்சுகளில் இரண்டு அவர் வீட்டுக்குப் போயின.

இந்த மாற்றுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரே தாய்க்குப் பிறந்தவற்றையே மீண்டும் மீண்டும் இணைத்தால் வம்சம் நலியும். வேறொருவர் வீட்டு மீன் வந்தால் அது தவிர்க்கப்படும்.

கடலுக்கும் நன்மைதான். கடைகளில் உள்ள கடல்மீன் வகைகளில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடிக்கப்பட்டவை. இந்தோனீசியாவின் சுலவேசியை அடுத்த பங்காய் தீவுகளுக்கே உரிய பங்காய் கார்டினல் மீன், 2007ல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. தொட்டிகளுக்காக அளவின்றிப் பிடித்ததே முக்கியக் காரணம். அதன் அப்பா மீன் முட்டைகளையும் பிறகு குஞ்சுகளையும் ஏறக்குறைய ஒரு மாதம் வாய்க்குள் வைத்துக் காக்கும். வெளியே வரும் குஞ்சு நேராக ஆர்ட்டீமியா தின்னும். வீட்டில் வளர்க்க ஏற்ற மீன் அது.

வாங்குவதற்கு முன்

வீட்டில் பொரித்த மீன் தொட்டிக்கும் குருணைத் தீனிக்கும் பழகியிருக்கும். இருந்தாலும், அது தின்பதைக் கண்ணால் பாருங்கள், அல்லது காணொளி கேளுங்கள். இரண்டு பக்கமும் செவுள் மூடி முழுமையாக இருக்கிறதா என்று கவனியுங்கள். குறையுள்ள குஞ்சு சில பிறக்கவே செய்யும். அதை மறைக்காமல் சொல்பவரிடம் வாங்குங்கள்.

சின்னக் குஞ்சுகளில் “இது ஆண், இது பெண்” என்று யாராவது உறுதி கூறினால் நம்ப வேண்டாம். கோமாளி மீன் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. கூட்டத்தில் பெரியதாக, வலியதாக வளர்வதே பின்னாளில் பெண்ணாகும். ஒன்று பெரியதும் ஒன்று சிறியதுமாக இரண்டை வாங்கினால் போதும், மீதியை அவையே முடிவு செய்துகொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே தொட்டியில் கவிழ்க்காதீர்கள். பையைச் சற்று நேரம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். முடிந்தால் சில வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கண்காணியுங்கள்.

அன்று தெம்பனிஸில் வெறுங்கையோடு போன இளைஞருக்கு என் மீது கோபம் இருந்திருக்கும். ஆறு வாரம் கழித்து ஒரு படம் அனுப்பினார். சோதனைக் குழாயில் அம்மோனியா சுழியம் என்று காட்டும் மஞ்சள் நிறம். கீழே ஒரே வரி: “இப்ப தருவீங்களாண்ணே?”

அந்த நான்கு குஞ்சுகளையும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.