நான்காவது மாதம்தான் சோதனை

பயிற்சி உண்டு, வேலையும் உண்டு. ஆதிவாசி இளைஞர்கள் அதில் நிலைப்பதுதான் சிரமமாக இருக்கிறது.

தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் எக்ஸ்பிரஸ் ராஞ்சி, ரூர்கேலாவைத் தாண்டித் தெற்கே வருகிறது. திருப்பூரில் இறங்கும் ஜார்க்கண்ட், ஒடிசா பெண்களில் பலருக்குத் தாய்மொழி ஹோ, முண்டாரி அல்லது சந்தாலி. கைப்பையில் இருப்பது சில மாதத் தையல் பயிற்சிக்கான சான்றிதழ்.

இந்தப் பயணத்துக்கு வழி திறந்தவை அரசுத் திட்டங்கள். ஜார்க்கண்டின் மேற்கு சிங்பூமிலும் சத்தீஸ்கரின் சுக்மாவிலும் நடந்த முன்னோட்டத்தின் அடிப்படையில், 2013 ஜூனில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 'ரோஷ்னி'யைத் தொடங்கியது. மாவோயிஸ்ட் வன்முறை மிகுந்திருந்த 24 மாவட்டங்களில் மூன்று ஆண்டுகளில் 50,000 பேருக்குப் பயிற்சியும் வேலையும் தருவது இலக்கு. அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். 2014 செப்டம்பரில் வந்த தீனதயாள் உபாத்யாய கிராமீண கௌசல்ய யோஜனா, இதே பாணியை நாடெங்கும் கொண்டு சென்றது.

பயிற்சி இலவசம். வேலையில் சேர்ந்த பிறகும் மாதம் 1,000 ரூபாய் உதவித் தொகை உண்டு என்றன 2016இல் வெளியான விதிமுறைகள். சொந்த மாவட்டத்தில் வேலை என்றால் இரண்டு மாதம், மாநிலத்துக்குள் மூன்று மாதம், வெளிமாநிலம் என்றால் ஆறு மாதம். தொகை சிறிதுதான். ஆனால் முதல் சம்பளம் வரும்வரை வீட்டுக்குக் கடிதம் போட்டுப் பணம் கேட்க முடியாத குடும்பத்திலிருந்து வருபவருக்கு அதுதான் கைச்செலவு.

சிக்கல் கணக்கெடுப்பில் இருக்கிறது. பயிற்சி பெற்றவர்களில் 70 சதவீதம் பேருக்காவது வேலை தர வேண்டும் என்பது நிபந்தனை. ஒருவர் மூன்று மாதம் சம்பளம் வாங்கிவிட்டால் 'வேலை கிடைத்தவர்' பட்டியலில் சேர்ந்துவிடுவார். ஓராண்டு நிலைத்தால் பயிற்சி நிறுவனத்துக்கு ஊக்கத் தொகை உண்டுதான். என்றாலும் இலக்கு எட்டியதா என்பதை முடிவு செய்வது அந்த மூன்று மாதம்தான்.

பலர் ஊர் திரும்புவது அதற்குப் பிறகு. புரியாத மொழி, ஒத்துக்கொள்ளாத சாப்பாடு, விடுதிக் கட்டுப்பாடு. ஊரில் நெல் அறுவடை. ஹோ மக்களுக்கு மாக மாதத்தில் மாகே திருவிழா. விடுப்பு கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். இதைச் சோம்பல் என்று சொல்வது எளிது. நிலமும் காடும் ஆண்டு முழுவதற்கும் வேலை வகுத்துத் தந்த சமூகத்துக்கு ஆலைச் சங்கு புதிது என்பதே உண்மை.

2011 கணக்கெடுப்பின்படி மேற்கு சிங்பூமில் 67 சதவீதம் பேர் பழங்குடியினர். அம்மாவட்டத்தின் நோவாமுண்டி இரும்புத் தாது ஜம்ஷெட்பூர் உருக்காலைக்குப் போகிறது. அந்த மண்ணின் பிள்ளைகளோ தமிழகம் வரை போகிறார்கள்.

அருகிலேயே கூலியுடன் தொழில் கற்க 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் இடம் தருகிறது. பழங்குடியினருக்கு அதில் இட ஒதுக்கீடும் உண்டு. 2019 விதிகள், ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவருக்குக்கூட மாதம் 5,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித் தொகை என்று நிர்ணயித்தன. அந்த இடங்கள் உள்ளூர் ஆதிவாசிப் பிள்ளைகளால் நிரம்பினால், வெளியூர் வேலை அவர்களுக்குக் கட்டாயமாக இருக்காது. விரும்பினால் போகலாம், மாகே திருவிழாவுக்கு வீட்டிலும் இருக்கலாம்.