உரைத் திருத்திக்குள் வழுநீக்கல்

உரைத் திருத்திக்குள் வழுநீக்கல் என்பது, நிரலை எழுதிய அதே திரையில் அதை ஓடவிட்டு, வேண்டிய வரியில் நிறுத்தி, மாறிகளின் மதிப்பைப் பார்த்துப் பிழையைக் கண்டறியும் முறையாகும். குனூ ஈமாக்ஸ் இதற்குப் பழைய, நல்ல எடுத்துக்காட்டு.

ஈமாக்ஸ் தானாக வழு தேடுவதில்லை. அது ஜிடிபி என்னும் தனி நிரலின் வேலை. 1986-இல் ஜிடிபியை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மனே குனூ ஈமாக்சையும் எழுதியவர். நிரல் ஒரு வரியில் நிற்கும்போது, கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் ஜிடிபி குறிப்பிட்ட வடிவில் அனுப்புகிறது. ஈமாக்ஸ் அதைத் திரையில் காட்டாமல் எடுத்துக்கொண்டு, அந்தக் கோப்பைத் திறந்து, உரிய வரியின் ஓரத்தில் அம்புக்குறி இடுகிறது.

ஐந்து மாணவரின் மதிப்பெண்களைக் கூட்டும் ஒரு சி நிரலைக் கொள்வோம்: 60, 70, 50, 80, 40. கூட்டுத்தொகை 300. சுழற்சியில் "ஐ < 5" என்பதற்குப் பதில் "ஐ <= 5" என்று எழுதிவிட்டால், நிரல் அணிக்கு வெளியே உள்ள ஆறாவது இடத்தையும் கூட்டும். அங்கே தற்செயலாக 0 இருந்தால் விடை சரியாகவே வரும்! இதுதான் இந்த வழுவின் ஆபத்து. பலரும் செய்வதுபோல மதிப்பை அச்சிடும் வரிகளை இடையிடையே சேர்த்தால், நினைவக அமைப்பு மாறி வழு மறைந்துபோகவும் கூடும்.

முதலில் நிரலை '-ஜி' என்ற விருப்பத்துடன் கம்பைல் செய்ய வேண்டும். வரி எண்களை இயங்கு கோப்பில் பதிப்பது அதுவே. இல்லாவிட்டால் அம்புக்குறியை எங்கே வைப்பது என்று ஈமாக்சுக்குத் தெரியாது. பின்பு ஆல்ட்-எக்ஸ் அழுத்தி 'ஜிடிபி' என்ற கட்டளையைத் தந்து, கூட்டும் வரியின் இட ஓரத்தில் சுட்டியால் சொடுக்கினால் சிவப்புப் புள்ளி தோன்றும். அதுவே நிறுத்தப் புள்ளி. 'ரன்' என்றதும் நிரல் அங்கே வந்து நிற்கும். 'கன்டினியூ' ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று நகரும். ஐந்து முறை நின்றபின் ஆறாவது முறையும் நிற்கிறதே, வழு அங்கேதான். அப்போது 'பிரிண்ட் ஐ' என்றால் 5 என்று வரும். கூட்டுத்தொகையோ இன்னும் சரியாக 300. திருத்த வேண்டிய வரி கண்ணெதிரிலேயே திறந்திருக்கும்.

விம் பயனர்களுக்கு, 2018-இல் வந்த 8.1 பதிப்பிலிருந்து 'டெர்ம்டீபக்' இதே வசதியைத் தருகிறது.

வேகத்துக்கான '-ஓ2' விருப்பத்துடன் கம்பைல் செய்த நிரலில் அம்புக்குறி முன்னும் பின்னும் தாவும். சில மாறிகளின் மதிப்பும் கிடைக்காது. கட்டளைகளின் வரிசையைக் கம்பைலர் மாற்றியமைப்பதே காரணம். பயில்வோர் '-ஓ0' பயன்படுத்துவது நல்லது.