பூஸ்ட்டை ஏற்றுவதற்கு முன்

டர்போ கார் வாங்கிய பலருக்கும் சில மாதங்களில் ஓர் ஆசை வந்துவிடுகிறது: இன்னும் கொஞ்சம் இழுவை கிடைத்தால் தேவலை. பட்டறையில் விசாரித்தால் இரண்டு வழி சொல்வார்கள். கையால் திருகி வைக்கும் மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலர், மலிவு. எலக்ட்ரானிக் கன்ட்ரோலர், விலை பல மடங்கு. பேச்சு பெரும்பாலும் விலையோடு நின்றுவிடுகிறது. கன்ட்ரோலர் பழுதானால் இன்ஜின் என்ன ஆகும் என்று கேட்பவர் குறைவு.

பூஸ்ட் என்பது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம். டர்போவிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய், வேஸ்ட்கேட் என்ற கதவைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகிறது. காற்றழுத்தம் குறித்த அளவைத் தொட்டதும் உள்ளிருக்கும் ஸ்பிரிங் அமுங்கி, வேஸ்ட்கேட் திறக்கும். மிச்சப் புகை டர்பைனைச் சுழற்றாமல் வெளியேறிவிடும். மேனுவல் கன்ட்ரோலர் என்பது அந்தக் குழாயின் நடுவே செருகும் ஒரு வால்வு. திருகைத் திருப்பினால் ஆக்சுவேட்டருக்கு எட்டும் அழுத்தம் குறையும், வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும். சித்திரை வெயிலா, பெட்ரோல் தரமா, எந்த கியரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இன்ஜின் சூட்டில் குழாய் இளகிக் கழன்றால் வேஸ்ட்கேட் மூடியே கிடக்கும், பூஸ்ட் எல்லை மீறும். சிலிண்டருக்குள் நாக்கிங் (எரிபொருள் முறைதவறி வெடிப்பது) தொடங்கினால் ஹெட் கேஸ்கட் போகலாம், பிஸ்டனே உடையலாம்.

எலக்ட்ரானிக் வகை சென்சாரால் அழுத்தத்தை அளந்து, சாலினாய்டு வால்வைத் திறந்து மூடுகிறது. குழாய்களை முறையாக இணைத்திருந்தால், மின் இணைப்பு போனாலும் ஸ்பிரிங்கின் பழைய அழுத்தத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் குழாய் கழன்றால் அதனாலும் தடுக்க முடியாது. அப்போது பெரும்பாலும் காப்பது, இன்ஜினை ஆளும் கணினியான ஈசியூ எரிபொருளை நிறுத்தும் பாதுகாப்புதான். அதை நீக்கித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

மேனுவல் கன்ட்ரோலருக்கு இடம் பழைய, எளிய டர்போ கார்களிலும் பந்தயத் தடத்திலும்தான், அதுவும் பூஸ்ட் மீட்டரோடு. இன்றைய கார்களில் பூஸ்ட்டை ஈசியூவே ஆள்கிறது. அதற்குத் தெரியாமல் அழுத்தம் ஏறினால் பல வண்டிகள் சக்தியைக் குறைத்து லிம்ப் மோடுக்குப் போய்விடும். மோட்டாரால் இயங்கும் வேஸ்ட்கேட் உள்ள கார்களில் திருகு செருகக் குழாயே இருக்காது. எதை மாட்டினாலும் எரிபொருள், இக்னிஷன் அளவுகளை டியூன் செய்யாமல் பூஸ்ட்டை மட்டும் ஏற்றுவது இன்ஜினைப் பணயம் வைப்பதுதான்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புகை அளவு மீறினால் அது தனிக் குற்றம். கன்ட்ரோலர் மாட்டிய வண்டியில் இன்ஜின் போனால் வாரண்டி மறுக்கப்படும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மறைத்தால் விபத்து நாளில் சொந்தச் சேத இழப்பீடு கைநழுவக்கூடும்.

பட்டறை தவறாக மாட்டி இன்ஜின் கெட்டால் அது சேவைக் குறைபாடு. பில்லும் ஜாப் கார்டும் கேட்டு வாங்குங்கள். எத்தனை பிஎஸ்ஐ வைத்தார்கள் என்பதும் அதில் எழுதியிருக்கட்டும். பிரச்சினை வந்தால் வேறு யாரும் பிரிக்கும் முன் படம் எடுத்து, சார்பற்ற மெக்கானிக் ஒருவரிடம் அறிக்கை வாங்குங்கள். முதலில் 1915 நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால், இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. காப்பீடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை.