பீங்கானாக மாறிய செங்கல் சூளை

ஸ்டாக்ஹோம் நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், பால்டிக் கடலின் தீவுக் கூட்டத்திடையே வேர்ம்டோ என்றொரு தீவு உண்டு. அத்தீவில், ஃபார்ஸ்டா என்னும் ஒடுங்கிய கடற்கழியின் ஓரமாக, குஸ்தாவ்ஸ்பெர்க் என்ற சிற்றூர் அமைந்திருக்கிறது. உண்ணும் தட்டிலிருந்து முகம் கழுவும் தொட்டிவரை சுவீடன் மக்களின் அன்றாட வாழ்க்கையோடு இரண்டறக் கலந்துவிட்ட ஒரு பெருந்தொழில் இவ்வூரில் வளர்ந்தது. அத்தொழிலின் பூர்வீகம் ஒரு சாதாரணச் செங்கல் சூளை என்பதும், அந்தச் சூளைக்கு ஆதாரமாயிருந்த மண்ணை விட்டு விலகிய பிறகே அவ்வூர் கீர்த்தி பெற்றது என்பதும், சரித்திரத்தையும் விஞ்ஞானத்தையும் ஒருங்கே கற்க விரும்புவோர் ஊன்றிச் சிந்திக்கத்தக்க விஷயங்கள்.

அந்த மண் உண்டான விதத்தை முதலில் பார்ப்போம். கடைசிப் பனியுகத்தில் ஸ்காந்திநேவியாவைப் போர்த்திக் கிடந்த பனிப்பாளம், தன் பெரும் பாரத்தால் பாறைகளை அரைத்து மாவாக்கிக்கொண்டே நகர்ந்தது. 10,000 ஆண்டுகளுக்கும் முன்னர் அப்பனி உருகிப் பின்வாங்கியபோது, அந்தப் பாறைமாவு உருகிய நீரோடு சென்று, அப்பிரதேசத்தை அப்போது மூடியிருந்த நீர்ப்பரப்பின் அடியில் படிந்தது. கோடையில் பனி மிகுதியாக உருகுவதால் தடித்த வெளிர்நிறப் படிவும், குளிர்காலத்தில் நீர் அசைவற்று நிற்பதால் மிக நுண்ணிய கருநிறப் படிவுமாக, ஆண்டுக்கு ஓர் இரட்டைப் படலம் சேர்ந்தது. களிமண் வெட்டிய குழிகளின் சுவர்களில் தெளிவாகத் தெரியும் இப்படலங்களை, மரத்தின் வயதை அதன் வளையங்களைக் கொண்டு கணிப்பது போல ஒன்றொன்றாய் எண்ணி, பனி விலகிய காலத்தை ஆண்டுக் கணக்கில் நிர்ணயிக்கலாம் என்று காட்டியவர் ஜெரார்ட் டெ யேர் என்னும் சுவீடன் தேசத்துப் பூகர்ப்ப சாஸ்திரி. அவருடைய புகழ்பெற்ற ஆராய்ச்சிக் கட்டுரை 1912இல் வெளிவந்தது. பனியின் பாரம் நீங்கிய நிலமோ மெல்ல மெல்ல மேலெழுந்தது. இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் எழுந்துகொண்டிருக்கிறது. நீருக்கடியில் கிடந்த களிமண் கரையேறியது இவ்வாறுதான்.

17ஆம் நூற்றாண்டில் சுவீடன் ஒரு வல்லரசாகத் தலையெடுத்து, தலைநகரில் மாளிகைகள் எழும்பத் தொடங்கியபோது, இந்தக் களிமண்ணுக்கு மதிப்பு வந்தது. அக்காலத்தில் வேர்ம்டோவில் நிலவுடைமை கொண்டிருந்த குஸ்தாவ் கப்ரியேல்சன் ஒக்ஸென்ஷேர்னா என்ற பிரபு இளவயதிலேயே காலமாக, ஜமீன் நிர்வாகத்திலும் வர்த்தகத்திலும் ஆண்களுக்கு நிகராகப் பெயரெடுத்த அவருடைய மனைவி மரியா சோபியா தெ லா கார்டி, கணவரின் ஞாபகார்த்தமாகவே இவ்விடத்துக்குக் குஸ்தாவ்ஸ்பெர்க் என்று பெயர் வழங்கச் செய்தார். காலடியில் களிமண்ணும், சுற்றிலும் காட்டு விறகும், வாசலில் சரக்குப் படகுகள் வந்து நிற்கத்தக்க நீர்வழியும் இருந்தமையால், செங்கல் அறுப்பதற்கு இதைவிடத் தகுந்த இடம் தேடினாலும் கிடைக்காது.

அறுத்துக் காயவைத்த பச்சைக் கல்லைச் சூளையில் ஏற்றித் தீமூட்டினால், முதலில் ஈரம் வெளியேறுகிறது; 500 டிகிரி சென்டிகிரேடைக் கடந்த பிறகு, களிமண்ணின் அணுக்கட்டுக்குள்ளேயே பிணைந்திருந்த நீரும் பிரிந்துவிடுகிறது. அதற்கு மேல் அது மீண்டும் குழைக்கத்தக்க மண்ணாவதில்லை. 1000 டிகிரியை ஒட்டிய உஷ்ணத்தில் துகள்கள் ஒன்றோடொன்று இறுகி ஒட்டுகின்றன. மண்ணிலுள்ள இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து செந்நிறம் தருகிறது. செங்கல்லுக்கு அழகூட்டும் இதே இரும்புதான் பீங்கானுக்குப் பகையாகிறது. இரும்பு மிகுந்த மண் வெண்மையாக வேகாது. மேலும், இரும்பும் சாம்பற்சத்தும் சுண்ணாம்பும் கலந்திருப்பதால் அது சீக்கிரம் இளகி உருக்குலைந்துபோகும். பீங்கான் வேகுவதற்கு வேண்டிய கடுமையான உஷ்ணத்தைத் தாங்காது.

எனவே, 1825இல் யோஹான் ஹெர்மன் ஓஹ்மன் என்ற மொத்த வர்த்தகர், பழைய சூளையின் நிலத்தில் பீங்கான் தொழிற்சாலை நிறுவுவதற்கு அரசாங்க அனுமதி பெற்றபோது, அவ்வூர் மண் அவருக்கு உதவவில்லை. வெண்களிமண்ணும் சிக்கிமுக்கிக் கல்லும் நிலக்கரியும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன. வெண்களிமண் கிடைக்கும் கார்ன்வாலிலும், அதாவது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலும், வேர்ம்டோவைப் போலவே கருங்கல்லே மிகுதி. ஆயினும் பனிப்பாளம் அவ்விடத்தை எட்டவில்லை. அதனால், பூமிக்குள்ளிருந்து எழுந்த வெந்நீரும் மேலிருந்து இறங்கிய மழைநீரும் யுகக்கணக்காகக் கருங்கல்லிலுள்ள ஒரு தாதுப்பொருளைச் சிதைத்து, கரையக்கூடியவற்றைக் கழுவிக்கொண்டு போய், தூய வெண்களிமண்ணை மட்டும் ஆழமாக விட்டுவைத்தன. வேர்ம்டோவிலோ பனிப்பாளம் நைந்த மேல்மண்ணை வழித்துத் தள்ளி, நையாத பாறையை அரைத்து வைத்தது. செங்கல்லைக் கொடுத்த அதே பனியுகம், பீங்கானை மறுத்துவிட்டது.

1827இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. சிக்கிமுக்கிக் கல்லைச் சுட்டுப் பொடித்து வெண்களிமண்ணோடு கலந்தால், வெந்த பாத்திரம் வெண்மையும் உறுதியும் பெறுகிறது. மேற்பூச்சும் மயிரிழை வெடிப்பு விடாமல் நிற்கிறது. 1860களில் இத்தொழிற்சாலை எலும்புச் சாம்பல் கலந்த பீங்கானையும் செய்யத் தொடங்கியது. மாட்டெலும்பைச் சுட்டெடுத்த சாம்பல் ஏறக்குறைய பாதியளவு சேர்வதால், மெல்லிய கிண்ணத்தின் வழியே விரலின் நிழல் தெரியும் அளவுக்கு அது ஒளி ஊடுருவும். இத்தனை வனப்புக்கும் தொழிலாளி கொடுத்த விலையை மறைப்பது நியாயமன்று. கல்லைப் பொடிக்கையில் எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கி மூச்சைக் குறைத்துக் கொல்லும் நோய், எல்லா நாட்டுப் பீங்கான் தொழிலாளரையும் தலைமுறை தலைமுறையாக வாட்டியது.

1839 முதல் இத்தொழிற்சாலையின் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் ஒரு நங்கூர முத்திரை காணப்படும். ஓடெல்பெர்க் குடும்பத்தின் நிர்வாகத்தில் அம்முத்திரை பெரும் வர்த்தக மதிப்பு பெற்றது. தொழிலாளர் குடியிருப்புகளோடு ஓர் ஊரே ஆலையைச் சுற்றி எழுந்தது. எனினும், அழகான பீங்கான் செல்வருக்கும், மட்டமானது ஏழைக்கும் என்ற பேதம் மாறவில்லை. அப்பேதத்தை அகற்ற முற்பட்டவர், விளம்பரச் சித்திரங்கள் வரைந்துகொண்டிருந்து 1917இல் ஆலைக்கு வந்த வில்ஹெல்ம் கோகே என்ற கலைஞர். அவ்வாண்டே ஸ்டாக்ஹோமில் லில்யெவால்க் கலைக்கூடத்தில் நடந்த வீட்டுப்பொருட் கண்காட்சியில், நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்காகவே அவர் நீலப்பூ அலங்காரம் கொண்ட பாத்திர வரிசை ஒன்றை வைத்தார். அதை விரும்பி வாங்கியவர்களில் நடுத்தர வர்க்கத்தார் மிகுதியென்றாலும், அன்றாடப் பொருள்களும் அழகாயிருக்க வேண்டும் என்ற கொள்கை அன்றிலிருந்து ஆலையில் வேரூன்றியது. 1933இல் அவர் இன்னும் ஒரு படி மேலே சென்று, சிறிய அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும், முழுத் தொகுதியாக அன்றித் தனித்தனியாக வாங்கவும் வசதியான பாத்திரங்களை வகுத்தார். அவை விற்பனையில் தோற்றன. ஆயினும், சிறு சமையலறையில் இடம் எவ்வளவு, கைச்செலவுக்குப் பணம் எவ்வளவு என்று எண்ணிப் பாத்திரத்தின் வடிவத்தைத் தீர்மானித்த அந்த நெறியைப் பின்வந்தோர் கைவிடவில்லை.

1937இல் சுவீடனின் கூட்டுறவுச் சம்மேளனம் ஆலையை வாங்கியது. 1939இல் கைகழுவும் தொட்டிகளும் கழிப்பறைச் சாதனங்களும் செய்யும் பகுதி தொடங்கப்பட்டது. புதிய வீடுகளுக்கெல்லாம் சுகாதார வசதி வேண்டும் என்று ஒரு தேசம் முனைந்த காலம் அது. இத்தகைய தொட்டியைச் சக்கரத்தில் வனைய இயலாது. களிமண்ணைத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து அச்சில் ஊற்ற வேண்டும். ஆனால், அவ்வளவு இளக வைக்கும் அளவுக்கு நீர் சேர்த்தால், உலரும்போது பொருள் சுருங்கி வெடித்துவிடும். ஆகவே, சோடியம் கலந்த ஒரு காரப் பொருளை மிகச் சிறிதளவு சேர்க்கிறார்கள். களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ள, குறைந்த நீரிலேயே கூழ் வழிந்தோடுகிறது. அதை ஏற்கும் பாரிஸ் சாந்து அச்சு, ஓரத்திலிருக்கும் நீரை உறிஞ்சி அங்கே கெட்டியான சுவரை உண்டாக்குகிறது. சுவர் போதிய கனம் பெற்றவுடன் மிஞ்சிய கூழைக் கவிழ்த்து விடுகிறார்கள். உலர்ந்து சுருங்கும் தொட்டி அச்சிலிருந்து தானே விடுபடுகிறது. பின்னர் மேற்பூச்சிட்டு உயர்ந்த உஷ்ணத்தில் சுடும்போது, உடலின் உட்புறமே கண்ணாடித் தன்மை பெற்று நுண்துளைகள் அடைபடுவதால், அழுக்கு நீர் உள்ளே ஊறுவதற்கு இடமில்லை. சுகாதாரத்துக்குரிய குணம் மேற்பூச்சில் மாத்திரம் இல்லை. அது உள்ளுடம்பிலேயே அமைந்தது.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் ஸ்டிக் லிண்ட்பெர்க் என்ற கலைஞர் ஆலையின் கலைத்தலைமை ஏற்றார். வெண்மையான பரப்பில் நரம்போடிய பச்சை இலைகள் வரிசை வரிசையாய் நிற்கும் அவருடைய 'பெர்ஸோ' என்ற அலங்காரம் 1960களில் எண்ணற்ற வீடுகளின் காப்பிக் கோப்பைகளில் இடம்பெற்றது. 1954இல் வந்து சேர்ந்த லிசா லார்சன் செய்த சிங்கம், பூனை முதலிய பிராணி உருவங்களோ குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஒருசேரப் பிரியமானவை. பிற்காலத்தில், 1980களில் கூட்டுறவுச் சம்மேளனம் ஆலையைக் கைவிட, நிர்வாகங்கள் மாறின. குளியலறைப் பகுதி 2000இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் வசமாயிற்று. எனினும், பெர்ஸோ இலைகளைத் தாங்கிய பாத்திரங்கள் சிறிய அளவில் அவ்வூரிலேயே இன்னும் உற்பத்தியாகின்றன. ஆலையின் பழைய நாட்களின் செல்வங்களைக் காட்ட ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

ஊர் மண்ணை நம்பிப் பிறக்கும் தொழில், அம்மண் பயன்படாது போனவுடன் மடிந்துபோவது உலக இயல்பு. குஸ்தாவ்ஸ்பெர்க் மடியவில்லை. எந்த மண் எத்தனை உஷ்ணத்தில் எந்தக் குணம் பெறும் என்று ஆராய்ந்த விஞ்ஞானியும், அதில் செய்த தட்டில் உண்பவர் யார் என்று நினைத்த கலைஞரும் ஒரே கூரையின் கீழ் உழைத்த காலமே அதன் பொற்காலம். விஞ்ஞானம் இல்லாமல் அழகு நிலைக்காது. மக்களை நினையாத விஞ்ஞானத்துக்கு வாங்குவோர் இல்லை. எங்கே ஒரு தொழில் தழைக்க வேண்டுமானாலும் இவ்விரண்டும் சேரவேண்டும் என்பதற்கு அத்தொழிற்கூடத்தின் சரித்திரத்தைவிடச் சிறந்த அத்தாட்சி தேவையில்லை.