லாஃப்ட்டில் பலகை போட்டதும் வீடு குளிருதா? பிரிட்டன் வாழ் தமிழர்கள் கவனிக்க!

ஊருக்கு வந்து போகும் பெரிய சூட்கேஸ்கள், கொலு பொம்மைப் பெட்டி, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன சைக்கிள்... பிரிட்டனில் வீடு வாங்கிய நம்மவர்கள் இதையெல்லாம் ஏற்றி வைக்கும் இடம் லாஃப்ட். நம் ஊரில் லாஃப்ட் என்றால் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் சிமென்ட் பரண். அங்கே அது, மேல்மாடி சீலிங்குக்கும் ஓட்டுக்கூரைக்கும் நடுவே உள்ள மொத்த இடம்.

ஏணி வைத்து ஏறினால், பல வீடுகளில் நடக்கத் தரையே இருக்காது. சீலிங்கைத் தாங்கும் மரச் சட்டங்களும், மெத்தைபோல விரித்த கண்ணாடி இழைக் கம்பளியும்தான் இருக்கும். 'சட்டத்து மேலேயே பலகையை அடிச்சுட்டா முடிஞ்சது' என்று பலரும் நினைப்பார்கள். சிக்கல் ஆரம்பிப்பதே அங்கேதான்.

கம்பளியை நசுக்கினால் என்ன ஆகும்?

வீட்டுச் சூடு மேலே போய்விடாமல் தடுப்பது, இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. அங்கே பரிந்துரைக்கப்படும் கம்பளியின் உயரம் 270 மி.மீ. மரச் சட்டமோ பெரும்பாலும் 75 முதல் 100 மி.மீ.தான். சட்டத்தின் மேல் நேரடியாகப் பலகை போட்டால் கம்பளி நசுங்கி, உள்ளே இருக்கும் காற்று வெளியேறிவிடும். சூடு கூரை வழியே போகும். ஹீட்டிங் பில் ஏறும். பலகைக்கு அடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால், கீழிருந்து வரும் ஈரக் காற்று குளிர்ந்து நீராகப் படியும், பூஞ்சையும் வரும்.

எவ்வளவு உயர்த்த வேண்டும்?

கணக்கு எளிது. கம்பளி 270 மி.மீ., அதற்கு மேல் காற்றோட ஏறக்குறைய 50 மி.மீ. ஆக மொத்தம் 320. சட்டம் 100 மி.மீ. என்றால், 220 மி.மீ. உயரமுள்ள கால்கள் தேவை. பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் இதற்கென்றே கால்கள் கிடைக்கின்றன. அவற்றைச் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்கி, மேலே பலகையைப் பொருத்த வேண்டும். ஆணி அடித்தால் கீழே சீலிங் பூச்சு விரிசல் விடலாம்.

23 கிலோ சூட்கேஸ் தாங்குமா?

பல வீடுகளில் இந்தச் சட்டங்கள் சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ பொருளைத் தாங்கும் கணக்கில்தான் போடப்படுகின்றன. விமானத்தில் அனுமதிக்கும் 23 கிலோ சூட்கேஸ் ஒன்றே ஏறக்குறைய அந்த எல்லையைத் தொட்டுவிடும். 18 மி.மீ. பலகையின் எடையே சதுர மீட்டருக்கு 11, 12 கிலோ வரும். எனவே காலி சூட்கேஸ் சரி, புத்தக மூட்டை வேண்டாம். சந்தேகம் இருந்தால் கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

இதையும் பாருங்கள்

* இடம் போதவில்லை என்று கூரையைத் தாங்கும் குறுக்கு மரங்களை வெட்டவே கூடாது.
* கூரை ஓரங்களில் காற்று வரும் வழியை அடைக்காதீர்கள்.
* சீலிங் விளக்குகளின் மேல் கம்பளி மூடியிருந்தால் எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.
* வௌவால் இருந்தால் வேலையைத் தொடங்காதீர்கள். அங்கே அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.
* வாடகை வீடு என்றால் உரிமையாளரின் அனுமதி அவசியம்.

கம்பளி வேலையைச் சரியாகச் செய்தால் வீடு கதகதப்பாகும், லாஃப்ட் முன்பைவிடக் குளிரும். கோடையில் அதே இடம் கொதிக்கும். அதனால் பட்டுப்புடவையையும் கல்யாண ஆல்பத்தையும் மட்டும் மேலே ஏற்றாதீர்கள். அவை பீரோவிலேயே இருக்கட்டும்!