மைதானமும் கோயில் முற்றமும்: பிள்ளையை நடுவில் நிறுத்தலாமா?

பதுளை, பசறை, பண்டாரவளை, வெலிமடைப் பகுதித் தோட்டங்களில் பிறந்து வளரும் பிள்ளைகளிடம் விளையாட்டுத் திறமைக்குக் குறைவில்லை. மலைச்சரிவில் ஏறி இறங்கியே பாடசாலைக்குச் செல்லும் கால்களுக்கு ஓட்டம் புதிதல்ல. ஆயினும் அத்திறமை மேல்நிலைக்கு வருவதற்கு முன்னரே பல இடங்களில் தடைப்பட்டு விடுகிறது. வறுமை, போக்குவரத்து, மைதானமின்மை ஆகிய காரணங்கள் அடிக்கடி பேசப்படுகின்றன. அதிகம் பேசப்படாத காரணமொன்றும் உண்டு. பயிற்சிக்கும் போட்டிக்கும் உரிய நாளே குடும்பத்தின் வழிபாட்டு நாளாகவும் அமைந்து விடுவதே அது.

இச்சிக்கல் எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். தோட்டத் தொழிலாளரின் வாராந்த ஓய்வு நாள் பொதுவாக ஞாயிற்றுக்கிழமையே. அந்த ஒரே நாளில்தான் அறநெறி வகுப்பு, கோயில் பூசை, தேவாலய ஆராதனை, உறவினர் வீட்டுச் சடங்கு, சந்தைக்குச் செல்லுதல் ஆகிய அனைத்தும் நிறைவேற வேண்டும். பாடசாலை முடிந்ததும் பேருந்தைப் பிடித்தாக வேண்டிய பிள்ளைக்கு வார நாட்களில் நீண்ட பயிற்சி சாத்தியமில்லை. எனவே பயிற்றுநரும் வார இறுதியையே நாடுகிறார். இருவர் கேட்பதிலும் நியாயமுண்டு. நாள் மட்டும் ஒன்றுதான்.

தோட்டத் திருவிழா இதனினும் சிக்கலானது. தீபாவளி, தைப்பொங்கல், மகா சிவராத்திரி ஆகியன அரச விடுமுறை நாட்கள். பௌர்ணமி தினமும் அவ்வாறே. ஆனால் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் திருவிழாவுக்கு எந்த அரச நாட்காட்டியிலும் இடமில்லை. அதன் திகதி தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். ஊர்ப் பெரியவர்களும் தலைவர்மாரும் கூடிப் பேசித் தீர்மானிப்பது அது. மறுபுறம் பாடசாலை விளையாட்டுப் போட்டிகள் கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை எனப் படிப்படியாக நடைபெறுகின்றன. ஒரு படியில் தவறினால் அவ்வாண்டுக்கான வாய்ப்பு அத்துடன் முடிந்து விடும். பாற்குடம் எடுக்கும் நாளும் வலயப் போட்டியும் ஒரே நாளில் வந்தால், பதினான்கு வயதுப் பிள்ளை எதைத் தெரிவு செய்வது?

அரசு நாட்காட்டியை மாற்றினால் இத்தகைய முரண்பாடு தீர்ந்துவிடும் என எண்ணுவோருக்கு நம் நாட்டு வரலாறே ஒரு பாடம். 1966இல் ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, போயா தினங்கள் வாராந்த விடுமுறையாக்கப்பட்டன. சந்திரனின் கலைகள் ஏழு நாள் கணக்குக்குள் ஒழுங்காக அடங்குவதில்லை. வெளிநாடுகளுடனான வர்த்தகமும் இடருற்றது. 1971இல் ஞாயிறு மீண்டும் விடுமுறையாயிற்று. பல சமயத்தவர் வாழும் நாட்டில் ஒரே நாட்காட்டி எல்லோருக்கும் பொருந்திவிடாது. வெவ்வேறு நாட்காட்டிகளை அருகருகே வைத்துப் பார்ப்பதே நடைமுறைக்கு உகந்த வழி.

உலக விளையாட்டு வரலாற்றிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்கொட்லாந்து வீரர் எரிக் லிடெல், 100 மீற்றர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்தமையால் அதில் பங்குபற்ற மறுத்தார். ஆயினும் 400 மீற்றரில் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார். அவருடைய உறுதியைப் பலரும் போற்றுவர். நாம் கவனிக்க வேண்டியது மற்றொன்று. போட்டி அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆகவே மாற்று ஓட்டத்துக்குத் தயாராக அவருக்கு அவகாசம் கிடைத்தது. 2012 இலண்டன் ஒலிம்பிக் ரமழான் மாதத்தில் வந்தபோது, முஸ்லிம் வீரர்களில் சிலர் நோன்பிருந்து போட்டியிட்டனர். வேறு சிலர் பயணிகளுக்குரிய சலுகையின்படி நோன்பைப் பிற்போட்டனர். மார்க்கத்துக்குள்ளேயே அதற்கு இடமிருந்தது.

நமது சமய மரபிலும் இத்தகைய இடம் உண்டு. விரதம் அவரவர் உடல் வலுவுக்கு ஏற்ப அனுட்டிக்கப்படுவது. சிறுவருக்கும் நோயாளருக்கும் கடுமை தளர்த்தப்படுகிறது. பாலும் பழமும் உண்டு விரதமிருப்பதும் வழக்கிலுள்ளதே. நேர்த்திக்கடனுக்கு வேறொரு நாளைக் குறிக்கலாம். குடும்பத்தில் இன்னொருவரும் பிள்ளைக்காகப் பாற்குடம் சுமக்கலாம். "சாமிக் குத்தம்" வந்துவிடும் என்று பிள்ளையை அச்சுறுத்துவது பக்தியை வளர்க்காது. அவ்வாறே, விரதமிருக்கும் மாணவியைப் பார்த்து "இப்படியிருந்தால் ஓட முடியாது" என்று அணியிலிருந்து ஒதுக்குவதும் பயிற்றுநருக்கு அழகல்ல. அன்று கடும் பயிற்சியைத் தவிர்த்து, நீர் அருந்தச் செய்து, மறுநாள் பயிற்சியைத் தொடர்ந்தால் போதுமானது. போட்டிக்காக வெளியூரில் தங்கும்போது மரக்கறி உணவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வதும் பெரிய காரியமல்ல.

ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன் 31ஆம் உறுப்புரை விளையாடும் உரிமையையும், 14ஆம் உறுப்புரை சமய சுதந்திரத்தையும் பிள்ளைக்கு அளிக்கின்றன. பெற்றோர் வழிகாட்ட வேண்டும். ஆனால் அவ்வழிகாட்டல் பிள்ளையின் வளரும் ஆற்றலுக்கு இசைவாக அமைய வேண்டும் என்றும் அச்சமவாயம் கூறுகிறது. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டறியாமல் அதனைச் செய்ய இயலாது.

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. வலயக் கல்விப் பணிமனைகள் போட்டித் திகதிகளை ஆண்டின் தொடக்கத்திலேயே பாடசாலைகளுக்கு அறிவிக்க வேண்டும். ஆலய பரிபாலன சபையினர் திருவிழாத் திகதியைக் குறிக்கும் முன்னர் பாடசாலை அதிபரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஞாயிறு காலை வழிபாட்டுக்கும் அறநெறி வகுப்புக்கும், மாலை பயிற்சிக்கும் என ஊருக்குள் ஓர் இணக்கம் ஏற்பட வேண்டும். இவற்றுக்குப் பெருநிதி எதுவும் தேவையில்லை.

மகன் ஓடச் சென்றால் மகள் கோயில் வேலைக்கு என்றொரு வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதனைப் பெற்றோர் மீளச் சிந்திப்பது நன்று. லயன் அறைகளில் வளரும் பெண் பிள்ளைக்கு மைதானம் வெளியுலகுக்கான ஒரு வாசல். அவ்வாசலை அம்மன் பெயரால் அடைப்பதை அம்மனே விரும்பமாட்டாள் என்பது நமது துணிபு.