தட்டு திரும்பினால்தான் அடுத்த இட்லி

நத்தம் சாலையில் மழை இரவு. எங்கள் காரில் இண்டிகேட்டர் போட்டபோதெல்லாம் அதன் தாளத்துக்கே மீட்டர் போர்டு விளக்கும் மங்கி மங்கி எரிந்தது. பேட்டரிதான் வீக் என்றார்கள், மாற்றினோம். ஒரே வாரத்தில் அதே துடிப்பு. பிறகு ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வந்தார். எதையும் கழற்றவில்லை. தடித்த ஒயர் ஒன்றின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை பாடி இரும்பிலும் அழுத்திப் பிடித்தார். விளக்கு ஆடாமல் நின்று எரிந்தது. "பேட்டரில ஒண்ணுமில்லண்ணே, எர்த் பிடிக்கல" என்றார். நல்ல பேட்டரி ஒன்று அதற்குள் கைமாறிப் போயிருந்தது. அந்தச் செலவு இன்னொரு வீட்டுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விருந்தாள் நிறைந்த ஒரு காலை நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பது ஆறே தட்டு. இட்லியோடு கூடத்துக்குப் போன தட்டு காலியாகி அடுக்களைக்குத் திரும்பினால்தான் அடுத்தவருக்குப் பரிமாற முடியும். மின்சாரமும் இப்படித்தான். தட்டு தேய்வதில்லை, இட்லிதான் தீர்கிறது. விளக்குக்குப் போன மின்னோட்டம் அங்கே தன் ஆற்றலைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பி வருகிறது. போகிற பாதைக்கு ஒயர் உண்டு, ஃபியூஸ் உண்டு. திரும்பும் பாதையோ பெரும்பாலும் காரின் இரும்பு பாடியேதான். அதைத்தான் எர்த் என்கிறோம். அந்த பாடியை பேட்டரி மைனஸோடு இணைப்பது ஒரு கேபிள், ஒரு போல்ட். என்ஜினோ ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் என்ஜினுக்கும் தனியாக எர்த் பட்டை போட்டிருப்பார்கள்.

மழைத்தண்ணீரும் சேறும் படுவது இந்த போல்ட்டுகளில்தான். கேபிள் முனையில் இருக்கும் லக்குக்கு அடியில் துரு ஏறினால் அடுக்களை வாசற்படியில் ஆள் நெருக்கியடித்த மாதிரி ஆகிவிடும், தட்டு உள்ளே வராது. 55 வாட் ஹெட்லைட் இரண்டு எரிந்தாலே சுமார் 9 ஆம்பியர் ஓடும். துருவின் தடை வெறும் 0.1 ஓம் என்றாலும் 0.9 வோல்ட் அங்கேயே வீணாகிறது. இண்டிகேட்டர் எரியும் ஒவ்வொரு முறையும் நெரிசல் கூடும், மீட்டர் விளக்கு தாழும். எங்கள் காரில் நடந்தது இதுதான். புது பேட்டரி போடுவது அடுக்களையில் மாவு அண்டாவை மாற்றுவது மாதிரி. வாசற்படி நெரிசல் அதனால் தீராது.

சோதிப்பதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். என்ஜின் ஓடட்டும், ஹெட்லைட்டும் புளோயரும் போட்டிருக்கட்டும். கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும், சிவப்பு முனையைப் பெயின்ட் இல்லாத பாடி இரும்பிலும் வையுங்கள். பிறகு என்ஜின் இரும்பில் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பக்கத்து எர்த்தைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். மோதிரம், வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, என்ஜினை நிறுத்தி, முதலில் மைனஸ் டெர்மினலை எடுங்கள். லக்கையும் அது உட்காரும் இடத்தையும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். டெர்மினல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துக் கழுவலாம், பேட்டரிக்குள் மட்டும் இறங்கக் கூடாது. நன்றாகக் காயவிட்டு, இறுக்கி முடுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். மைனஸை மாட்டுவது கடைசியில்.

எர்த் சரியாக இருந்தும் துடித்தால் கிரைண்டர் பக்கம் போக வேண்டும். பேட்டரி என்பது நேற்றே அரைத்து அண்டாவில் வைத்த மாவு, வண்டியை ஸ்டார்ட் செய்யத்தான் அது. ஓடும்போது விளக்குகளுக்கும் கொடுத்து அண்டாவையும் நிரப்பும் கிரைண்டர்தான் ஆல்டர்னேட்டர். ஒர்க்‌ஷாப்புகளில் இன்றும் அது டைனமோதான். நிறுத்தி ஆறவிட்ட நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே இதை ஏற்றி இறக்கும்.

கிரைண்டரைப் போலவே இதுவும் பெல்ட்டில்தான் சுற்றுகிறது. புளோயர் போட்டதும் கீச்சென்று சத்தமும் கூடவே மங்கலும் வந்தால் பெல்ட் வழுக்குகிறது. மூன்று கல் கிரைண்டரில் ஒரு கல் ஓடாவிட்டால் மாவு திப்பித்திப்பியாக வரும் இல்லையா? ஆல்டர்னேட்டருக்குள் மூன்று சுருள் தொகுதிகளும், அவற்றின் மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்பும் டயோடுகளும் உண்டு. டயோடு ஒன்று போனால் ஒவ்வொரு சுற்றிலும் பள்ளம் விழும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் துடிப்பு வேகமெடுப்பது அதன் அடையாளம். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் வைத்தால் 0.5-க்கு மேல் போகும். ஓடும் என்ஜினில் பேட்டரி ஒயரைப் பிடுங்கி டைனமோவைச் சோதிக்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். எகிறும் வோல்ட்டேஜ் வண்டியின் கம்ப்யூட்டரையே எரித்துவிடும்.

மற்ற விளக்கெல்லாம் நின்று எரிந்து மீட்டர் போர்டு மட்டும் துடித்தால் வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகிப் பாருங்கள். திருகும்போது வெளிச்சம் குதித்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது. பழைய பல்புக்குப் பதிலாக எல்இடி போட்ட பிறகு துடிப்பு தெரிய ஆரம்பித்ததா? பல்பின் இழை தோசைக்கல் மாதிரி, நொடிப்பொழுது மின்சாரம் நின்றாலும் சூடு ஆறாமல் ஒளிரும். எல்இடிக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு இல்லை, முன்பே இருந்த துடிப்பைக் காட்டிக்கொடுக்கிறது.

இரவுப் பயணத்தில் துடிப்போடு சிவப்பு பேட்டரி விளக்கும் எரிந்தால் ஏசி, புளோயர், பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அடுத்த ஊரை நோக்கி ஓட்டுங்கள். நடுவில் என்ஜினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். ஆனால் பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கினால் ஓரம் கட்டி உடனே அணைத்துவிடுங்கள்.